இனிப்பில்லை என்ற அமோந்தி

நிமிர்வு என்றோர் அறம் உண்டு. பணிவைப் பாடிய நாவுகள் பல. அடக்கத்துக்கு அணி செய்த அடிகளும் பல. ஆயினும், செய்யாத பிழையைச் செய்தேன் என்று ஒப்பும்படி வலியவர் கேட்குமிடத்தில் தலை தாழ்த்துவது பொய்க்குத் துணைபோவதேயாகும். அவ்விடத்தில் நிமிர்ந்து நிற்பதே இறைவனுக்கு உவப்பான வழிபாடு. இவ்வறத்தை ஏடுகளில் பலமுறை படித்ததுண்டு. கண்ணெதிரே கண்டது ஒரே முறை; வினாம் என்னும் ஏரிக்குடாவின் கரையில், ஆகாயத்தாமரையைக் காய்ச்சி அடுப்புக்கு எரிசாராயம் வடிக்கும் ஆலையின் தகரக் கொட்டகையில். அவ்வறத்துக்கு அன்று அமோந்தி என்று பெயர்.

அமோந்தி சேமே என்னும் ஊரில் பிறந்து எங்கள் படகுத்துறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆதலால் துறையில் பாதிப்பேர் அவளைச் ‘சேமேக்காரி’ என்பர். மீதிப்பேர், மகள் பெயரைச் சேர்த்து ‘அப்பொந்தி அம்மா’ என்பர். கணவன் ஓயுகி படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவன். எட்டாண்டுகளுக்கு முன், ஆகாயத்தாமரை குடா முழுவதையும் பாய் விரித்தாற்போல மூடியபோது படகுகள் கரையிலேயே கிடந்தன. ஓடாத படகுக்கு எஞ்சின் பழுதாவதில்லை. ஓயுகியின் கை ஓய்ந்தது. அப்போது அமோந்தி சாங்கா என்னும் நாட்டுச் சாராயம் காய்ச்சினாள். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, இடித்து, மாவுக் கூழில் கலந்து இனிக்கவைத்து, புளிக்கவைத்து, வடித்தெடுக்கும் தொழில் அவளுக்குத் தாய்வீட்டுச் சீதனம்.

பிடிபட்டாள். நீதிமன்றத்தில் அன்று அவளுக்கு முன் நின்ற ஐவரும், பானை தம்முடையதன்று என்றே சாதித்தனர். அமோந்தியின் முறை வந்தது.

“நான்தான் காய்ச்சினேன் ஐயா. நல்லாவும் காய்ச்சினேன். குடிச்ச ஒருத்தனுக்குக் கண்ணு போகல.”

நீதிபதி சிரித்தார், சிரித்தபடியே நான்கு மாதச் சிறை விதித்தார். அவள் இருந்துவிட்டு வந்தாள்.

பின்னர் எரிசாராய ஆலை வந்தது. வலையைக் கிழித்த அதே ஆகாயத்தாமரைப் பூண்டை எடை போட்டு வாங்கினார்கள். புளிக்கவைக்கும் வேலை தெரிந்தவர் யாரேனும் உண்டா என்று அவர்கள் துறையில் வந்து கேட்டபோது, தெரிந்த பன்னிரண்டு பெண்களும் நிலத்தைப் பார்த்தனர். அமோந்தி கையைத் தூக்கினாள்.

“என்னை உள்ள போட்டு அடைச்சாங்களே, அந்த வேலைதானே? எனக்குத் தெரியும்.”

இவ்வாறு அவள் சர்க்கரைத் தொட்டிக்குப் பொறுப்பாளி ஆனாள். ஆகாயத்தாமரையில் சர்க்கரை வெளியே தெரிவதில்லை. கரும்பைப் போலக் கடித்தால் இனிக்காது. அது நாரினுள் பூட்டிக் கிடக்கிறது. வேரை வெட்டியெறிந்து, தண்டையும் இலையையும் நறுக்கி, நீரைப் பிழிந்து, காரச் சோடா கரைத்த கொதிநீரில் வேகவைத்தால் அந்தப் பூட்டு தளரும். பின் மும்முறை நல்ல நீரில் அலசி, எஞ்சிய காரத்தை அமிலம் விட்டு முறித்து, நொதிப்பொடி தூவி, இரண்டு பகலும் இரவும் இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். நார் கரைந்து சர்க்கரையாகும். அதன்மேல்தான் ஈஸ்ட்டை இடுவர். அது மூன்று நாளில் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும்.

ஈஸ்ட் இடும் வேளையை அமோந்தி நாவால் அறிந்தாள். காரம் முழுதும் முறிந்ததென்று சாயத்தாள் காட்டிய பிறகு, ஒரு குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாவில் வைப்பாள், கண்ணை மூடுவாள், துப்புவாள். “இன்னும் இல்ல” என்பாள். அல்லது “போடுங்க” என்பாள். எங்கள் மக்களிடையே, காய்ச்சியவள் முதலில் தன் வாயில் வைக்காமல் ஒரு குவளையும் விருந்தினர் கைக்குப் போகாது. வைக்க மறுப்பவள் அதில் என்ன கலந்தாளோ என்று ஊரே ஒதுங்கும். அவ்வழக்கத்தை அமோந்தி ஆலைக்குள்ளும் கொண்டுசென்றாள். தொட்டி ஒன்றுக்கு அறுபது லிட்டர் என்று சாராயம் தவறாமல் இறங்கியது.

சென்ற மழைக்காலத்தில் ஓலாங் என்னும் இளம் எஞ்சினியர் மேலாளராக வந்தார். எங்கள் இனத்தவரே, ஆயினும் நைரோபியில் வளர்ந்தவர். கெட்டவர் அல்லர். விரைவு மிக்கவர். விரல் நீளத்தில் ஓர் அளவுக்குழல் கொண்டுவந்தார். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால், நூற்றில் எத்தனை பங்கு சர்க்கரை என்று உள்ளே ஒரு கோடு காட்டும். வந்த மூன்றாம் நாளே அமோந்தியைக் குச்சியும் கையுமாகப் பிடித்தார்.

“அம்மா, இது ஆலை, உங்க அடுப்பங்கரை இல்ல. தொட்டியில இருந்து எடுத்து நக்குறதை இன்னியோட விட்டுடுங்க.”

“நக்கல தம்பி. நாக்குல வைக்கிறேன், துப்புறேன். காய்ச்சினவ வாயில வைக்காம அடுத்தவனுக்கு நீட்டினா என்ன அர்த்தம்னு உங்க அம்மாவைக் கேட்டுப் பாருங்க.”

“இதை யாரும் குடிக்கப் போறதில்ல. அடுப்புதான் குடிக்கப் போகுது.”

“அடுப்புக்குன்னா விஷம் வைக்கலாமா?”

நறுக்குமேடையில் இருந்த பெண்கள் சிரித்தனர். ஓலாங் சிரிக்கவில்லை. ‘தொட்டியில் உள்ளதைச் சுவைத்தல் தடை’ என்று எழுதிய பலகை மறுநாள் சுவரில் ஏறியது.

அடுத்த வாரம் ஏரிநீர் உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொண்டது. அடைத்தது ஆகாயத்தாமரையே. குடாவில் காற்று திரும்பியதும் பூண்டுக்கூட்டம் முழுதும் எங்கள் பக்கம் ஒதுங்கி, குழாயின் வாயில் குவிந்துவிட்டது. ஆலைக்கு வேண்டிய பூண்டு கரை கொள்ளாமல் கிடந்தது. அதை அலசத்தான் நீர் இல்லை. ஓலாங் மூன்று அலசலையும் நிறுத்தினார். வெந்த நாரை அப்படியே அமிலம் விட்டு முறித்துத் தொட்டியில் இறக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அளவுக்குழலில் பார்த்தவர் துள்ளினார். வழக்கமாக ஆறு காட்டுவது பதினொன்று காட்டியது.

“பாத்தீங்களா! அலசுறப்போ பாதி சர்க்கரையைக் கழுவிக் கொட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க இத்தனை வருஷமா!”

அமோந்தி பலகையை ஒருமுறை பார்த்தாள். குச்சியைத் தொட்டியில் விட்டாள், நாவில் வைத்தாள், துப்பினாள்.

“இனிப்பில்ல தம்பி. உப்புக் கரிக்குது. ஈஸ்ட் போடாதீங்க, செத்துப்போகும்.”

“உங்க நாக்கைவிட இந்தக் கண்ணாடி தெளிவா சொல்லுது.”

“கண்ணாடிக்கு நாக்கு கிடையாதே.”

ஈஸ்ட் இட்டனர். இருபத்தெட்டு லிட்டர் இறங்கியது. அடுத்த தொட்டி இருபத்தாறு. மூன்றாவது முப்பது. மூன்று முறையும் குழல் பதினொன்றைத் தாண்டியது. மூன்று முறையும் அமோந்தி “இனிப்பில்லை” என்றாள். மூன்று முறையும் அவள் சொல்லை ஒருவரும் கேட்கவில்லை. பதினொரு பங்கு சர்க்கரைக்கு நூறு லிட்டருக்கு மேல் வந்திருக்க வேண்டும். எஞ்சியது எங்கே என்று ஓலாங் எண்ணினார். எண்ணும்போது அவர் நினைவில், தொட்டியருகே நிற்பவள் முன்னொரு காலத்தில் சாராய வழக்கில் சிறை சென்றவள் என்பது வந்தது.

ஒரு திங்கட்கிழமை ஆலைக் கதவுக்கு வெளியே, வருவோர் போவோர் நடுவே அவளை நிறுத்தி ஒரு தாளை நீட்டினார். சாராயத்தை எடுத்து வெளியில் விற்றதாக அவள் ஒப்புக்கொள்வதாக அதில் எழுதியிருந்தது.

“கையெழுத்துப் போட்டீங்கன்னா வேலை மட்டும்தான் போகும். போலீசுக்குப் போக மாட்டேன். இல்லேன்னா வியாழக்கிழமை வட்டாரத் தலைவரைக் கூப்பிடுவேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“என் நல்லதை நான் பாத்துக்கறேன். நீங்க தலைவரைக் கூப்பிடுங்க.”

தாளை அவர் கையிலேயே திணித்துவிட்டுத் திரும்பினாள். அவள் நடந்து துறையை அடைவதற்குள் சொல் அவளுக்கு முன்பே அங்கே சென்று சேர்ந்திருந்தது. மீன் விற்கும் பெண்கள் பேச்சை நிறுத்தினர். ஒருத்தி தன் கூடையைச் சற்றே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஓயுகி ஒரு படகின் எஞ்சினைக் கழற்றி மணலில் பரப்பி அமர்ந்திருந்தான். எல்லாம் கேட்டுவிட்டு வெகுநேரம் ஒரு திருகாணியைத் துடைத்தான்.

“போட்டுத் தொலையேன். வேலை போனா போகுது. மறுபடி உள்ள போனியானா நான் என்ன பண்ணுவேன்?”

“போட்டா வேலையோட போகுமா? நாளைக்கு அப்பொந்திக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு ஆள் அனுப்புவான். வர்றவன் துறையில விசாரிப்பான். என்ன கேப்பான்? இந்த வீட்டுல சூனியம் உண்டா, திருட்டு உண்டா. ரெண்டே கேள்வி. அம்மாக்காரி சாராயம் காய்ச்சினாளான்னு எவனும் கேக்க மாட்டான். கேக்கிறவனும் குடிச்சவனாத்தான் இருப்பான்.”

ஓயுகிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். “அப்போ தலைவர் முன்னாடி என்ன சொல்லப் போற?”

“இனிப்பில்லன்னு சொல்லப் போறேன். வேற என்ன?”

வியாழன் நண்பகல். வேலையை நிறுத்திப் பெண்கள் அனைவரையும் கொட்டகையில் கூட்டியிருந்தார் ஓலாங். மற்றவர்க்கு ஒரு பாடமாகட்டும் என்பது அவர் எண்ணம். வட்டாரத் தலைவர் ஓந்தியெக் காக்கிச் சட்டையும் கைக்கோலுமாக வந்து அமர்ந்தார். எட்டாண்டுகளுக்கு முன் அமோந்தியைப் பிடித்தவர் அவரே.

“என்ன சேமேக்காரி, பழைய பழக்கம் விடலையா? எங்க கொண்டுபோய் விக்கிற?”

“பெரியவரே, நீங்க என்னைப் பிடிச்சீங்களே, அன்னிக்கு நான் ஓடினேனா?”

“இல்ல.”

“பானையை ஒளிச்சேனா?”

“இல்ல.”

“பானையை உடைக்கச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க என்ன கேட்டீங்க?”

தலைவர் கைக்கோலால் தரையைத் தட்டினார். “அதெல்லாம் இப்ப எதுக்கு!”

“ஒரு குவளை கேட்டாரு!” என்றாள் நறுக்குமேடை அஜுவாங். இவள் ஓயுகியின் தம்பி மனைவி. ஓரகத்தியரும் எங்களிடையே ஒருவரையொருவர் சக்களத்தி என்றே அழைப்பர். கொட்டகை முழுதும் சிரித்தது. கடைசியில் தலைவரும் மீசைக்குள் சிரித்துவிட்டார்.

அமோந்தி சிரிக்கவில்லை.

“செஞ்சதைச் செஞ்சேன்னு சொல்லி நாலு மாசம் உள்ள இருந்தவ நான். செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லி ஒரு நாள்கூட வெளியில இருக்க மாட்டேன். எழுதி வச்சுக்குங்க. இப்ப இந்தத் தம்பியை ஒண்ணு கேக்கணும். சாராயம் காணோம்னு எதை வச்சு சொல்றீங்க?”

ஓலாங் அளவுக்குழலை உயர்த்திக் காட்டினார். “சர்க்கரை இருந்துச்சு. இது பாத்துச்சு. சர்க்கரை இருந்தா சாராயம் வந்தே ஆகணும்.”

“இது சர்க்கரையைத்தான் பாக்குமா?”

“பின்ன?”

அமோந்தி திரும்பினாள். “ஏ சக்களத்தி, அடுப்படியில உப்பு இருக்கா?”

“இருக்கு. மீனுக்குப் போட மிச்சம் வையி.”

உப்புப் பொட்டலம் வந்தது. ஒரு குவளைக் குடிநீரில் ஒரு கைப்பிடி உப்பை இட்டு, கலங்கல் தெளியும்வரை அமோந்தி கலக்கினாள். முதலில் தன் நாவில் ஒரு சொட்டு வைத்துத் துப்பினாள். பிறகு தலைவரிடம் நீட்டினாள்.

“குடிங்க பெரியவரே.”

அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, “தூ! கடல் தண்ணியா இது?” என்று உமிழ்ந்தார்.

“இனிக்குதா?”

“என்னைக் கேலி பண்றியா?”

“இல்ல. தம்பி, உங்க குழல்ல இதை ஒரு சொட்டு விட்டு, சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு சொல்லுங்க.”

ஓலாங் குவளையைப் பார்த்தார். கற்றவர், அவள் என்ன காட்ட வருகிறாள் என்பது அக்கணமே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“இது தேவையில்லாத வேலை.”

“தேவையா இல்லையான்னு நான் சொல்றேன்,” என்றார் தலைவர். “விட்டுப் பாரு.”

ஓலாங் ஒரு சொட்டு விட்டார், வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தார், குழலைத் தாழ்த்தினார். தலைவர் குழலை வாங்கித் தன் கண்ணில் வைத்து, ஒருமுறை திருப்பிப் பிடித்து, மறுபடி நேரே பிடித்துப் பார்த்தார்.

“பதிமூணு!”

“அடேயப்பா! என் உப்புப் பொட்டலத்துக்குள்ள இத்தனை சர்க்கரையா! நாளைல இருந்து தேநீருக்கு இதையே போடுறேன்,” என்றாள் அஜுவாங்.

சிரிப்பு அடங்கியதும் அமோந்தி அன்றைய தொட்டியிலிருந்து ஒரு குச்சிநுனி எடுத்துத் தான் சுவைத்துவிட்டுத் தலைவரிடம் கொடுத்தாள். அவர் மிகுந்த தயக்கத்தோடு நாவில் வைத்தார்.

“கரிக்குது. இதுவும் கரிக்குதே!”

“சோடாவையும் அமிலத்தையும் கலந்தா உப்பாயிடும். அந்த உப்பு போகணும்னுதான் மூணு தடவை அலசுவோம். அலசாம விட்டாங்க. நாருக்குள்ள இருந்த உப்பு கூழுக்கு வந்துச்சு, கூழுல இருந்து இந்தக் கண்ணாடிக்கு வந்துச்சு. அந்த உப்புல நொதிப்பொடி சோம்பிக் கிடந்துச்சு, ஈஸ்ட்டுக்கு மூச்சு முட்டிச்சு. இல்லாத சர்க்கரையில வராத சாராயத்தை நான் எந்தப் பானையில திருடுறது?”

ஓலாங் அந்த ஒப்புதல் தாளை இரண்டாகக் கிழித்தார்.

“குழல் தண்ணியில கரைஞ்ச எல்லாத்தையும் சேர்த்துத்தான் காட்டும். எனக்கு அது தெரிஞ்சிருக்கணும். விடுங்கம்மா, முடிஞ்சுபோச்சு. நாளைக்கு வேலைக்கு வாங்க.”

“முடியல தம்பி. திருடின்னு சொன்னது கதவுக்கு வெளிய. துறை முழுக்க அது ஓடிக்கிட்டு இருக்கு. கொட்டகைக்குள்ள கிழிச்ச தாள் துறையில இருக்கிறவ கண்ணுக்குத் தெரியுமா? அங்க வந்து சொல்லுங்க, நான் இங்க வர்றேன்.”

“மீன் சந்தையில போய் நின்னு நான் பேசணுமா?”

“என் பேரு அங்கதானே கிடக்கு.”

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் பிடித்தவர்களில் இவள் ஒருத்திதான் தமக்குத் தலைவலி என்று முணுமுணுத்தபடி எழுந்தார். அமோந்தி தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

அடுத்த நாள் அவள் வேலைக்குச் செல்லவில்லை. அதற்கடுத்த நாளும் செல்லவில்லை. அஜுவாங் வந்து கெஞ்சினாள்.

“அதான் எல்லாரும் பாத்தோமே, போதாதா? வேற ஆளைப் போட்டுட்டா என்ன பண்ணுவ?”

“நீங்க முப்பது பேரு பாத்தீங்க. துறையில முந்நூறு பேரு கேட்டாங்க. வேற ஆளைப் போடட்டும். திருடிங்கிற பேரோட அந்தக் கதவுக்குள்ள என் கால் வராது.”

அந்த வாரம் முழுவதும் துறையின் குழாயடியில் தண்ணீருக்கு அவள் நின்றபோது, அவளுக்கு முன்னும் பின்னும் ஒரு முழம் இடம் காலியாகவே இருந்தது. அவள் அதை அறிந்தே நின்றாள், தலையைத் தாழ்த்தவில்லை, ஒருவரிடமும் விளக்கம் சொல்லவில்லை. ஓயுகி மட்டும் தினமும் கேட்டான், “இன்னிக்காவது வருவாரா?” என்று. “வந்தா வரட்டும்” என்பதே விடை.

ஆலையில் ஓலாங் என்ன செய்தார் என்பது பின்னர் தெரியவந்தது. குழாயடைப்பைப் படகு வைத்து நீக்கினார். ஒரு தொட்டிக்குரிய நாரை மூன்றுமுறை, தாமே அருகில் நின்று அலசவைத்தார். குழல் ஆறு காட்டியது. ஈஸ்ட் இட்டு மூன்று நாள் பொறுத்து வடித்தார். ஐம்பத்தொன்பது லிட்டர் இறங்கியது. தாம் அறிந்த கல்வி தம் முன்னே வந்து நின்று சான்று சொன்னபின் அவரால் வாளாவிருக்க இயலவில்லை. உண்மைக்கு முன் கூசுகின்ற நெஞ்சு அவருக்கு இருந்தது. அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மறு வெள்ளிக்கிழமை, படகுகள் கரையேறிக் கூடைகள் நிறையும் காலை வேளையில், மெருகிட்ட காலணியோடு அவர் துறை மணலில் இறங்கினார். மீன் செதில்கள் காலணியில் ஒட்டின. விலை பேசுகிற பெண்களின் நடுவே வந்து நின்றார். அமோந்தி, ஓயுகியின் எஞ்சின் ஒன்றைத் தாங்கிப் பிடித்தபடி சற்றுத் தொலைவில் இருந்தாள்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. ஆலையில சாராயம் குறைஞ்சது திருட்டு இல்ல. நாரை அலசாம விட்டது நான். அது உப்புன்னு தெரியாம சர்க்கரைன்னு நம்பினதும் நான். அமோந்தி எதையும் எடுக்கல.”

பெண்கள் வியந்து ஒருவரையொருவர் பார்த்தனர். அமோந்தி எஞ்சினை ஓயுகியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“சத்தம் பத்தல தம்பி. அந்தக் கடைசிப் படகுல வலை மடிக்கிறானே, அவனுக்குக் கேக்கல.”

ஓலாங்கின் முகம் சிவந்தது. ஆயினும் கைகளை வாயருகே குவித்து, ஏரி எதிரொலிக்கும்படி மறுபடி கூவினார்: “அமோந்தி திருடல! தப்பு என்னோடது!”

கடைசிப் படகில் இருந்தவன் கையை உயர்த்தி ஆட்டினான்.

அன்று கூடையை இழுத்துக்கொண்ட பெண் எழுந்து வந்து, இரண்டு நல்ல மீன்களை இலையில் சுற்றி அமோந்தியின் கையில் வைத்தாள். அமோந்தி வாங்கிக்கொண்டாள். அவளை நேரே நோக்கித் தலையசைத்தாள். ஓலாங்கை நோக்கி, “பலகை?” என்றாள்.

“நேத்தே கழட்டிட்டேன்.”

“அப்போ திங்கட்கிழமை வர்றேன். இன்னிக்கு எங்க வீட்டுல மீன்.”

அவ்வீட்டில் என்றும் மீன் மணக்க. ஓயுகியின் கைகள் ஓயாதிருக்க. அவன் தொட்ட எஞ்சின்கள் ஏரி நடுவே நின்றுவிடாதிருக்க. அப்பொந்தியைக் கேட்டு வருவோர் நல்லவராய் வருக. துறையில் விசாரித்து, மகிழ்ந்து, தலைவாயிலில் காலணி கழற்றி நுழைக. உரிய காலத்தில் மழையை அவ்வீட்டுக் கூரைக்கும் நிலத்துக்கும் இறைவன் வேண்டிய அளவே பொழிக. அமோந்தியும் அவள் மனையும் அவள் மனைவழி வருவோரும் நிமிர்ந்த தலையோடு நீடு வாழ்க.